காசி தவிர யாவரும் நலம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு வந்து விபூதிப் பொட்டலம் வாங்கிப்போன பக்தர்களில் பாதிப் பேர், தங்களுக்கே தெரியாமல், தென்னமெரிக்காவில் ஒரு ராணுவ ஜெனரலைத் தட்டிக் கேட்டவர்கள். பொட்டலம் மடித்த காகிதத்தில் அப்படித்தான் டைப் அடித்திருந்தது: 'மேன்மை தங்கிய ஐயா, பள்ளி ஆசிரியர் எமிலியோவை எங்கே வைத்திருக்கிறீர்கள்?' இங்கிலீஷில் இருந்ததால் யாரும் சட்டை செய்யவில்லை. நீறைப் பூசிக்கொண்டு, மிச்சத்தைக் காகிதத்தோடு சாமி படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் சக்கரபாணி. தேரடித் தெருவில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். அந்தக் காலத்தில் பத்தாவது முடித்த எல்லாருக்கும் இரண்டே வழிதான்: டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு வேலை கிடைக்காமல் இருப்பது, கற்றுக்கொள்ளாமலே வேலை கிடைக்காமல் இருப்பது. முதல் வழியில் கொஞ்சம் மரியாதை இருந்தது. சாயங்காலம் எல்லா மிஷினும் ஒன்றாக அடிக்கத் தொடங்கினால், ஆலங்கட்டி மழை என்று நினைத்துக் கீழே பூக்கடைக்காரர் கூடைகளை உள்ளே எடுத்துவைப்பார். வருடக்கணக்கில் எடுத்துவைத்தார். பிறகு ஒருநாள் உண்மையிலேயே மழை வந்தபோது, டைப் சத்தம்தானே என்று விட்டுவிட்டார். அன்றைக்குப் போன மல்லிகைக்குச் சக்கரபாணிதான் பொறுப்பு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையடிவார ஆசிரமத்துக்கு நார்வேயிலிருந்து இங்கிரிட் என்று ஒரு அம்மாள் வந்திருந்தாள். ஏதோ டைப் அடிக்க இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தவள், போகும்போது ஒரு சங்கத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் போனாள். லண்டனில் தலைமை அலுவலகம் கொண்ட சங்கம் அது. உலகத்தில் எந்த அரசாங்கமாவது ஒருவனைப் பிடித்துப்போய், விசாரணையும் இல்லாமல், பிடித்ததையும் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தால், வேறு நாட்டில் இருக்கும் சங்கத்துக்காரர்கள் அந்த அரசாங்கத்துக்கு மரியாதையாகக் கடிதம் எழுத வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டும். அரசாங்கத்துக்கு வெட்கம் வரும்வரை எழுத வேண்டும். தாலுகா ஆபீசில் பட்டா மாற்ற மனுப் போட்டே தலை நரைத்த சக்கரபாணிக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போனது. தன் வாழ்நாள் பயிற்சி முழுவதும் இதற்காகத்தான் என்று நினைத்தார்.

லண்டன் அவருக்கு ஒதுக்கிய ஆள்தான் எமிலியோ. மலைக்கிராமத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். சிப்பாய்கள் வந்து வகுப்பிலிருந்தே கூட்டிப்போனார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது என்றார் ஜெனரல்.

சக்கரபாணி கீபோர்டு படத்துக்குப் பக்கத்தில், உலகத்து நாடுகள் ஒப்புக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை ஆணியில் மாட்டினார். மாணவர்களுக்கு வேகப் பயிற்சிக்கு ஜெனரலுக்கான கடிதத்தையே கொடுத்தார். யாரையும் காரணமின்றிப் பிடிக்கக் கூடாது, யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்ற ஷரத்துகளெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் இருந்தன. மனதில் இருந்ததா என்று தெரியாது. தப்பில்லாமல் அடித்தது ஜெனரலுக்குப் போகும். பிள்ளையார் சுழி மிஷினில் வராததால் ஒவ்வொன்றின் தலையிலும் பேனாவால் போட்டு அனுப்பினார். அந்தச் சுழி எந்தப் புரட்சிக் கட்சியின் சின்னம் என்று கண்டுபிடிக்க ஜெனரல் தனியாக ஒரு இலாகா திறந்ததாகப் பின்னால் கேள்வி. சக்கரபாணியிடம் படித்த ஒருவன் வேலூர் கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, எடுத்த எடுப்பில் தாசில்தாருக்கு 'மேன்மை தங்கிய ஐயா, சித்திரவதையை உடனே நிறுத்துங்கள்' என்று அடித்துவிட்டான். கை பழகிவிட்டது. தாசில்தார் அதைத் தன் மனைவிக்கு அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் என்று சொல்லி மன்னித்துவிட்டார்.

"ஊர்ல மாமியாருக்குக் கார்டு போட நேரமில்ல. ஜெனரலுக்கு மட்டும் வாரா வாரம்," என்பாள் சக்கரபாணியின் மனைவி வேதா.

"உங்கம்மா யாரையும் புடிச்சி வெச்சிருக்கலியே."

"ஏன், உங்கள வெச்சிக்கல?"

தப்பாக அடித்த காகிதங்களை எடைக்கு வாங்கிப்போவது ஆராயி. ராஜகோபுரத்துக்கு எதிரே தரையில் கடை. விபூதி, குங்குமம், கற்பூரம். ஒருநாள் மாடியேறி வந்தாள். கையில் பிரிந்த பொட்டலம்.

"டைப்பு சார், மெட்ராசுலேர்ந்து ஒரு படிச்சவரு வந்தாரு. பொட்டலத்தப் பிரிச்சிட்டு, இன்னாம்மா இது, யாரோ ஒருத்தன எங்கன்னு கேட்டிருக்குதுன்றாரு. யாரு சார் காணாமப் போனது?"

சக்கரபாணி பிரகடனத்தைக் காட்டி எமிலியோவின் கதையைச் சொன்னார். ஆராயி நின்றபடியே கேட்டாள். வகுப்பிலிருந்து கூட்டிப்போனார்கள் என்ற இடத்தில் மட்டும் மெதுவாக உட்கார்ந்தாள்.

"என் புள்ளையையும் அப்பிடித்தான சார்."

அவள் மகன் காசியை, அவசரநிலைச் சமயத்தில் சுவரில் ஏதோ நோட்டீஸ் ஒட்டினான் என்று, அவள் கடை முன்னால் வைத்தே ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றியதை ஊரே பார்த்தது. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், யார் காசி, அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்க வேண்டாம். அந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ் இருக்கிறது. அவசரநிலை போய், ஆட்சி மாறி, கமிஷன்கள் உட்கார்ந்து எழுந்தும்கூட ஆராயிக்குக் கிடைத்த பதில் மாறவில்லை.

"அவன் உசுரோட இருக்கான்னு சொல்ல வேணாம் சார். இட்டுகினு போனோம்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அவங்க சொல்ற வரிக்கும் நான் அவனுக்கு இன்னா செய்யிறது? உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ண முடியுமா? இல்லாதவனுக்குச் சோறு வெச்சிகினு இருக்க முடியுமா?" என்றாள். பிறகு சுவரில் தொங்கிய பிரகடனத்தைப் பார்த்தாள். "இத நம்ம நாடு ஒத்துகினு இருக்குதா?"

"ஒத்துக்கிட்டிருக்கு."

"அப்ப எழுது சார்."

இங்கேதான் சக்கரபாணி மாட்டிக்கொண்டார். சங்கத்தின் சட்டத்தில் ஒன்று உண்டு. யாரும் தன் நாட்டைப் பற்றித் தானே எழுதக் கூடாது. எழுதினால் கட்சிக்காரன் என்பார்கள், எழுதியவனையே பிடித்துப்போவார்கள். அதனால் எமிலியோவுக்குத் திருவண்ணாமலை எழுதலாம். காசிக்கு எழுதக் கூடாது.

"பொண்ணு பாக்க வந்தா பெத்தவளே பொண்ணப் புகழக் கூடாது, பக்கத்து வூட்டுக்காரிதான் சொல்லணும். அந்த மாரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் ஆராயி."

"எனக்குப் பக்கத்து வூடு எது சார்?"

அந்தக் கேள்வியைச் சக்கரபாணி அப்படியே குறித்துக்கொண்டார். லண்டனுக்கு எழுதிக் கேட்டார். ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அதே பதிலைத்தான் பட்டா விஷயத்தில் தாலுகா ஆபீசும் கொடுத்திருந்தது.

ஆராயி ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தாள். காகிதம் வாங்க இல்லை.

"அந்த வாத்தியாரப் பெத்தவ இருக்காளா?"

"இருக்காங்கன்னுதான் போட்டிருக்கு."

"நான் கை நாட்டு வெக்கிறேன். அவளுக்கு நாந்தான் பக்கத்து வூடு."

அன்றிலிருந்து ஜெனரலுக்குப் போகும் கடிதங்களின் அடியில் ஆராயியின் கட்டைவிரல் ரேகையும் போனது. அது மட்டும் போகவில்லை. வெறுங்கையோடு யாருக்கும் எதுவும் அனுப்பிப் பழக்கமில்லாத அவள், ஒவ்வொரு கவரிலும் ஒரு பொட்டலம் விபூதி வைத்தாள். காணாமல்போன பிள்ளைக்குக் காப்பு. சக்கரபாணி தபால் கனம் கூடுகிறதே என்று மட்டும் யோசித்தார்.

ஜெனரலின் தலைநகரத்தில் நடந்ததை யாரும் நம்ப வேண்டியதில்லை. சக்கரபாணியும் முதலில் நம்பவில்லை. சிறையில் ஒரு காவலாளி எமிலியோவிடம் சொன்னது இது.

கடிதம் கடிதமாகச் சாம்பல் வந்ததும் அரண்மனையில் எல்லாரும் கவரைத் தூர எறிந்துவிட்டு ஓடினார்கள். தாங்கள் எரித்துப்போட்டவர்களின் சாம்பலையே யாரோ பொறுக்கி அனுப்புகிறார்கள் என்று நினைத்தார்கள். நினைக்க அவர்களிடம் காரணம் இருந்தது. சோதனைச்சாலைக்கு அனுப்பினார் ஜெனரல். 'மாட்டுச் சாணம், நன்றாக எரிக்கப்பட்டது' என்று அறிக்கை வந்தது. இது அவமதிப்பா, மருந்தா என்று மந்திரிசபை கூடி விவாதித்தது. அதற்குள் ஜெனரலின் மனைவி ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். வருடத்தில் ஒரு புதன்கிழமை பாதிரியார் நெற்றியில் சாம்பல் பூசி, 'நீ மண், மண்ணுக்கே போவாய்' என்று நினைவூட்டுவார். இந்தக் கவர் வந்து சேர்ந்தது அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய நாள். அந்த அம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றையும் நிறுத்தினாள், தனக்கு இல்லை, அவருக்கு. உலகக் கண்டனங்களையெல்லாம் தாங்கிய ஜெனரல் இதைத் தாங்கவில்லை. இல்லவே இல்லாத ஆளான எமிலியோவைத் தேடிக் கண்டுபிடித்து, நாட்டைவிட்டுப் போ என்று விமானம் ஏற்றினார்கள். விமானம் போன இடம் நார்வே. இங்கிரிட்டின் ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு மரவீடும் கம்பளிச் சட்டையும் கொடுத்தார்கள்.

அங்கிருந்து திருவண்ணாமலைக்கு ஏர் லெட்டர் வந்தது. 'எனக்காக எழுதிய எல்லாருக்கும் வணக்கம். ரேகை வைத்தவர் யார்? சாம்பல் அனுப்பியவர் யார்? நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?'

ஆராயியை வரவழைத்துப் படித்துக் காட்டினார் சக்கரபாணி. அவள் சிரித்து அவர் அப்போதுதான் பார்த்தார். உடனே பதில் அடிக்க உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் எந்தக் கடிதமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். வீட்டில் இடியே விழுந்திருந்தாலும் முதல் வரி அதுதான். இங்கிலீஷில் அடித்துக்கொண்டே ஆராயிக்காகத் தமிழில் வாய்விட்டுச் சொன்னார்: "இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்."

"யாவரும்னா?"

"எல்லாரும்."

"காசியுமா?"

மிஷின் நின்றது.

"அது ஒரு வழக்கம் ஆராயி. எல்லாரும் அப்படித்தான் எழுதறது."

"ஸ்டேஷன்லயும் வழக்கமாத்தான் சார் சொல்றாங்க, இல்ல இல்லன்னு. நீயும் வழக்கமா எழுதிட்டா, அப்புறம் அவனுக்கு யாருதான் சொல்றது?"

உள்ளேயிருந்து காப்பியோடு வந்த வேதா கதவருகே நின்றுவிட்டாள். சக்கரபாணி கையைத் துடைத்துக்கொண்டார். அந்த ஸ்டேஷன் ஜீப் தினமும் தேரடித் தெரு வழியாகத்தான் போகும். இன்ஸ்டிட்யூட்டுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் அரசாங்கம்தான். ஆனால் சட்டப்படி பார்த்தால், சங்கம் தடுத்தது அரசாங்கத்துக்கு எழுதுவதைத்தான். நலம் விசாரித்தவனுக்குப் பதில் எழுதக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. பொய்யாகப் பதில் எழுத வேண்டும் என்றும் போடவில்லை.

"என்ன பண்ணட்டும்?" என்று வேதாவைப் பார்த்தார்.

"கேட்டவனுக்குப் பதில் சொல்லுங்க. இத்தன நாளு ஜெனரலயே மெரட்டினீங்க," என்றாள் அவள், காப்பியை ஆராயியிடம் முதலில் கொடுத்துவிட்டு.

சக்கரபாணி புது ஏர் லெட்டரைச் செருகி அடித்தார்: 'இவ்விடம், காசி தவிர, யாவரும் நலம்.' காசி யார் என்று எமிலியோ கேட்பார். அதையும் இதிலேயே சொல்லிவிடலாம் என்று பின்பக்கம், ஓரம், பசை ஒட்டும் இடம் எல்லாவற்றிலும் அடித்தார். அதே வருடம் நம் நாடு ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த செய்தி, பேப்பரில் சிமெண்ட் விளம்பரத்துக்குக் கீழே வந்திருந்தது. அதையும் சேர்த்தார்.

பிறகு ஒரு மழைக்காலம் போனது. அடுத்த கார்த்திகை தீபத்துக்கு முன்னால், நார்வேயின் அந்த மீன்பிடி ஊர் முழுவதும் காசிக்காக எழுத ஆரம்பித்தது. டெல்லிக்கு, சென்னைக்கு, வேலூருக்கு, நேரே ஸ்டேஷனுக்கும். எமிலியோ அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்: சாம்பல் வைக்காமல் கவரை ஒட்டாதீர்கள், வைத்தால்தான் நடக்கும். அவர்களும் ஆளுக்கொரு பிடி வீட்டு அடுப்பிலிருந்து எடுத்து, காகிதத்தில் மடித்து வைத்தார்கள்.

ஸ்டேஷனில் தபால் பிரிப்பது ஏட்டு அப்பாசாமி. காலையில் குளித்துவிட்டு வந்து முதல் கவரைப் பிரித்தார். சாம்பல் பொட்டலம். இந்த ஊரில் காகிதத்தில் மடித்த சாம்பலை என்ன செய்வார்களோ அதைச் செய்தார். கண்ணை மூடி, சிவசிவா என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். பிறகுதான் கடிதத்தைப் படித்தார். வெளிநாட்டுக் கடிதமென்றால் இந்த ஊரில் கேட்க ஒரே இடம்தான்; மத்தியானம் மாடியேறி இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டையைக் கண்டதும் எல்லா மிஷினும் நின்றன. கீழே பூக்கடைக்காரர் மழை விட்டதென்று கூடைகளை வெளியே வைத்தார்.

"சார், இது எந்த ஊரு விபூதி?"

"நார்வே."

"அங்க இன்னா சாமி?"

"சாமி இல்ல ஏட்டய்யா. அடுப்பு."

அப்பாசாமி நெற்றியைத் தொட்டார், துடைக்கவில்லை. "பூசிட்டனே சார்."

"அடுப்புச் சாம்பல்தான. கழுவினா போயிடும்."

"அது உங்களுக்கு. ஒருத்தரு நீறு குடுத்து ஒண்ணு கேட்டா, பூசிகினு இல்லன்னு சொல்ற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. எங்கப்பன் அதனாலயே ரெண்டு காணி நெலம் எழுதிக் குடுத்துட்டு நின்னான்." பிரகடனத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தப் பையனுக்குத் தண்ணி குடுத்தது நாந்தான் சார். கடைசியா."

சக்கரபாணி நாற்காலியை நகர்த்திப் போட்டார். அப்பாசாமி உட்காரவில்லை.

"மேலேர்ந்து அறிக்கை கேட்டிருக்காங்க. எப்பவும் எழுதற மாரி எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு. எழுதறது நாந்தான." இதைச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

எழுதினார். காசியை எப்போது கொண்டுவந்தார்கள், யார் யார் அடித்தார்கள், எப்படிச் செத்தான், எந்த ஏரிக்கரையில் எந்தப் புளியமரத்தடியில் புதைத்தார்கள் என்று, தேங்காய் திருட்டை எழுதும் அதே கையெழுத்தில் எழுதினார். இன்ஸ்பெக்டர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய அந்தப் பழக்கத்தால் எத்தனையோ பேர் கெட்டிருந்தார்கள். அவரே கெட்டது அதுதான் முதல் தடவை. அறிக்கை வேலூர் போனது, சென்னை போனது, டெல்லி போனது. ஒவ்வோர் ஆபீசிலும் படிக்காமல் முத்திரை குத்தி மேலே அனுப்பினார்கள். கடைசியில் இந்திய அரசாங்கத்தின் வணக்கத்தோடு நார்வேயின் மீன்பிடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அதை முதன்முதலாக ஒருவர் படித்தார்.

நகல் திருவண்ணாமலைக்கு வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆராயியின் கடைக்குக் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க, செய்தி பனிமலை தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது. சக்கரபாணி அதை எடுத்துக்கொண்டு கோபுரத்து எதிரே போனார். அவளை மாடிக்குக் கூப்பிடவில்லை. தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் வரிவரியாகச் சொன்னார். நடுவில் கற்பூரம் கேட்டு வந்தவர்களுக்கு அவள் கற்பூரம் எடுத்துக் கொடுத்தாள்.

"இது கவர்மெண்டே சொன்னதா சார்?"

"முத்திரை போட்டு."

"அவன் பேரு எங்க?"

காட்டினார். அவள் அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். ரேகை வைப்பதுபோல இல்லை, குழந்தையின் கன்னத்தில் மை சரி செய்வதுபோல. விபூதி ஒட்டிய விரல். பெயர்மேல் வெள்ளையாகத் தங்கிவிட்டது.

"தண்ணி குடுத்தாராமா, அந்த ஏட்டு?"

"குடுத்தாராம்."

"சரி," என்றாள். பிறகுதான் அழுதாள்.

அரசாங்கம் தன் முத்திரையோடு சொன்னதை அரசாங்கமே மறுக்க முடியவில்லை. முயற்சி செய்யாமலில்லை. புளியமரத்தடியைத் தோண்டினார்கள். ஆராயி பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள். வழக்கு எண்பதுகள் பாதி வரை இழுத்தது. அப்பாசாமி கூண்டில் ஏறி, நெற்றி நிறைய நீறோடு, எழுதியதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் உள்ளே போனார், மேல்முறையீட்டில் வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். ஜெனரலும் அதற்குள் பதவி இழந்து தன் ஊர்க் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார். அங்கே சாட்சிப் பொருள்களோடு திருவண்ணாமலை விபூதிப் பொட்டலம் ஒன்றும் இருந்ததாகவும், நீதிபதி அதைத் தொடும் முன் எழுந்து நின்றதாகவும் எமிலியோ எழுதினார். சக்கரபாணி இதை மட்டும் உடனே நம்பினார்.

அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். விபூதி பிளாஸ்டிக் கவரில் வருகிறது, படிக்க ஒன்றுமில்லை. அப்போதெல்லாம் பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது அடி அண்ணாமலைப் பக்கம் தனியாக நடந்துபோகலாம். நடக்கும்போது ஊரிலிருந்து மிஷின் சத்தம் கேட்கும் என்று சக்கரபாணி சொல்வார். அவ்வளவு தூரம் கேட்காது என்று வேதா சொல்வாள். கேட்டிருக்கலாம்.

தோண்டி முடித்த வாரத்தில் எமிலியோவுக்கு எழுத உட்கார்ந்ததை மட்டும் அவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். முதல் வரியில் கை நின்றுவிட்டது. எதிரே பெஞ்சில் ஆராயி.

"என்ன போடட்டும் ஆராயி? காசி தவிரன்னா?"

"அத எடுத்துடு சார்."

"அப்ப யாவரும் நலம்னு போட்டுடவா?"

அவள் பொட்டலம் மடிப்பதை நிறுத்தி, சுவரில் தொங்கிய பிரகடனத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக மலையை.

"காசி எங்க இருக்கான்னு தெரியும்னு போடு. அப்புறம் மத்ததப் போடு."

அப்படியே அடித்தார். அவள் கவருக்குள் பொட்டலத்தை வைத்தாள்.